செய்தி முடிகிற நேரம்

வலது கன்னம் முடிந்திருந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருக்கும்போது ஆம்ப்ரோஸ் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். கையில் சவரக்கத்தி இருக்கிறதே என்று வெர்னா அசையாமல் நின்றாள். மூன்று நாளாகத் தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியாத கை அது. எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பிடி.

“டிஷ் விழுந்து கிடக்கா, அம்மாடி?”

“எந்த டிஷ், மாமா?”

“கூரை மேல இருக்கிற டிவி டிஷ். விழுந்துதானே கிடக்கு?”

“சனிக்கிழமைக் காத்துல சாஞ்சுடுச்சு. பனி கொஞ்சம் கரையட்டும், ஏறிப் பாக்கறேன்னு ஹேவர்ட் சொல்லியிருக்கான். ஆடாம இருங்க, வெட்டிடப் போகுது.”

“அப்போ நேத்து நான் செய்தி கேட்டது?”

“பழைய ஆண்டெனாவை மாட்டிவிட்டேன்.”

பிடி தளர்ந்தது. அவள் கத்தியைத் தாடைக்குக் கீழே வைத்து மெல்ல இழுத்தாள்.

“நேத்து செய்தி முடிஞ்சுது” என்றார் ஆம்ப்ரோஸ். “பன்னிரண்டரை மாத்திரை வரும்னு படுத்திருந்தேன். வரல. பாவம், அலுப்புல தூங்கிட்டா போலிருக்குன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தே.”

“நான் சரியான நேரத்துக்குத்தான் வந்தேன்.”

“அதைத்தான் சொல்றேன்.”

வெர்னா கத்தியைத் தண்ணீரில் அலசினாள். பதினாலு மாதமாக அவள் ஒருத்தி மட்டும் சுமந்துகொண்டிருந்ததை, சாகக் கிடக்கிற குருட்டு மனிதர் ஒரு மாத்திரையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

விஷயம் இதுதான். கூரை மேலிருந்த டிஷ்ஷில் வருவது டொராண்டோ ஒளிபரப்பு. டொராண்டோவில் இரவு பத்து மணி என்றால் இங்கே, கனடாவின் கிழக்கோரத்து நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், பதினொன்றரை. அதனால் டிஷ்ஷில் தேசியச் செய்தி தொடங்குவது பதினொன்றரைக்கு, முடிவது பன்னிரண்டரைக்கு. பழைய ஆண்டெனாவில் வருவது உள்ளூர் ஒளிபரப்பு. அதே செய்தி அதில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பதினொன்றரைக்கு முடிந்துவிடும். சர்க்கரை நோயில் கண் போன பிறகு ஆம்ப்ரோஸுக்குக் கடிகாரம் அந்தச் செய்திதான். செய்தி முடிந்தால் பன்னிரண்டரை. அதற்கு மேல் பேச்சில்லை.

நீதிமன்றத்தில் பைபிள் மேல் கை வைத்து அதைத்தான் சொன்னார். மகனும் வெர்னாவின் புருஷனுமான ஹேவர்ட், தங்கை மகன் கால்வின், பக்கத்து வீட்டு ஹூபர்ட் மூன்று பேரும் துறைமுகத்தில் தீப்பிடித்த இரவு தன் சமையலறையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், செய்தி முடிந்த பிறகுதான் எழுந்து போனார்கள் என்றார். நண்டு வாங்குகிற வெளியூர்க் கம்பெனியின் கொட்டகை துறைமுகத்தில் எரிந்தது பன்னிரண்டு மணிக்கு. உள்ளே தூங்கிப்போன காவல்காரன் லெவியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. அந்தக் கம்பெனியை ஊரே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்த சமயம். ஊர் முழுக்கக் கோபமாக இருந்தால் யாரைப் பிடிப்பது? அதிகம் சத்தம் போட்ட மூன்று பேரைப் பிடித்தார்கள்.

“இந்தப் பெரியவர் சொல்வதை நம்பினீர்களானால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை” என்று நீதிபதி ஜூரியிடம் சொன்னார். ஜூரி நம்பியது. ஆம்ப்ரோஸை நம்பாதவர் அந்த வளைகுடாக் கரையில் யார் இருந்தார்கள்? மூன்று பேரும் விடுதலை. ஆனால் நீதிபதி ஜூரிக்கு அப்படிச் சொன்னதே சட்டப்படி தப்பு என்று அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைநகர் செயிண்ட் ஜான்ஸில் தீர்ப்பு. இன்றைக்குச் செவ்வாய்.

அன்றைக்கு அவர் சாட்சி சொன்னபோது வெர்னா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ‘பன்னிரண்டரை’ என்று அவர் சொன்ன கணம்தான் அவளுக்குச் சுரீரென்றது. கொட்டகை எரிந்த வாரமும் டிஷ் காற்றில் விழுந்து கிடந்தது. ஆண்டெனாவை மாட்டிவிட்டு முதியோர் இல்லத்துக்கு இரவு வேலைக்குப் போனவள் அவள்தான். நகரத்து வக்கீல்களுக்கு இது எப்படித் தோன்றும்? யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

“கொட்டகை எரிஞ்ச வாரம்?” என்றார் ஆம்ப்ரோஸ். “அப்பவும் பேய்க்காத்துதானே?”

“எனக்கு ஞாபகம் இல்ல, மாமா.”

“நீ பொய் சொல்லும்போது மூக்கால மூச்சு விடுவே. இருபத்தாறு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.”

அவள் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். தேவைக்கு மேல் இன்னொரு முறையும் துடைத்தாள்.

“பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது. கையெழுத்துப் போடறேன்.”

“நாளை நின்னு நாளன்னிக்குத் தீர்ப்பு, மாமா. அது வரட்டுமே. ரெண்டே நாள்.”

“எனக்கு வியாழக்கிழமை கிடையாது, பொண்ணே.”

“ஹேவர்டை நெனச்சுப் பாருங்க.”

“அவனை நெனைக்காம வேற யாரை நெனைக்கிறேன்?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அன்னிக்கு எங்க போனான்னு நீ அவனைக் கேட்டியா?”

“இல்ல.”

“நானும் கேக்கல. நல்ல குடும்பம் நம்ம குடும்பம்.” சிரிக்கப் பார்த்தார், இருமலாக வந்தது. “பேப்பர் எடு.”

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுதத்தான் உட்கார்ந்தாள். அவர் நீதிமன்றத்தில் கேட்ட நடையில் தொடங்கினார். “ஆம்ப்ரோஸ் ஆகிய நான், சுய நினைவோடு சொல்வது என்னவென்றால்…” வெர்னா பேனாவைத் தாளில் வைத்தாள். கை ‘மாவு’ என்று எழுதியது.

தன் கையையே அவள் பார்த்தாள். சாவு வரப்போகிற வீட்டில் மூன்று நாளாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சொற்கள். மாவு இரண்டு மூட்டை. தேயிலை. டின் பால். உப்பு மாட்டிறைச்சி ஒரு வாளி. அவர் டிஷ்ஷைப் பற்றிச் சொன்னார், அவள் உலர்ந்த திராட்சை என்று எழுதினாள். பேனா உரசுகிற சத்தத்தை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மெதுவா எழுது. கோழி கிறுக்கின மாதிரி எழுதாதே. நகரத்துக்காரங்க படிக்கணும்.”

“மெதுவாத்தான் எழுதறேன், மாமா.”

“வாசி.”

வெர்னா தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு, பட்டியலைப் பார்த்தபடியே, அவர் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் வாசித்தாள். எழுதியிருந்தால்கூட அவ்வளவு சரியாக வாசித்திருக்க மாட்டாள்.

“‘தப்பாகச் சொன்னேன்’னு போடாதே. ‘தெரியாமல் சொன்னேன்’னு மாத்து. நான் பொய் சொல்லல.”

“இல்ல மாமா, நீங்க பொய் சொல்லல.”

மாற்றினாள். அந்த இடத்தில் வெண்ணெய் என்று இருந்தது.

அவர் விரலைப் பிடித்து இடம் காட்டினாள். பெரிய எழுத்துகளில், சரிந்து, தாளின் ஓரம் வரைக்கும் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் தலையணையில் சாய்ந்து ஒரு நீளமான மூச்சு விட்டார். அந்த மாதிரி மூச்சை அவள் அவரிடம் ஒரு மாதமாகக் கேட்டிருக்கவில்லை.

“வக்கீல்கிட்ட குடு. ஆனா அதுக்கு முன்னாடி ஹேவர்ட்கிட்ட காட்டு. முதுகுக்குப் பின்னால செஞ்சதா இருக்கக் கூடாது.”

“சரி, மாமா.”

அவர் தூங்கிவிட்டார். விறகு வெட்டப் போயிருந்த ஹேவர்ட் மூன்று மணிக்கு வந்தான். அப்பாவின் மூச்சு மாறியிருந்ததைக் கேட்டு, பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வைக்கு மேலே அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த மூச்சு நின்றது. பூட்ஸிலிருந்து உருகிய தண்ணீர் தரையில் ஓடியிருந்தது. வெர்னா முதலில் அதைத்தான் துடைத்தாள்.

யாருக்கும் சொல்லி அனுப்பும் முன்னரே ட்ரிஃபீனா அத்தை வந்துவிட்டாள். ஆம்ப்ரோஸின் தங்கை, கால்வினின் அம்மா. எழுபது வயதிலும் வாய் ஓயாதவள். அழுதாள், அண்ணனின் நெற்றியில் முத்தமிட்டாள், வீட்டுத் திரைகளையெல்லாம் இறக்கினாள். வெர்னா உடம்பைக் கழுவத் தண்ணீர் கொண்டுபோன நேரத்தில், மேஜை மேல் கிடந்த தாளை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள். தண்ணீர்ச் சட்டியோடு திரும்பிய வெர்னா வெறும் மேஜையைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது தெருவில் பனிதான் கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தை திரும்பி வருகிறபோது சமையலறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஹேவர்ட் அடுப்போரம் நின்றிருந்தான்.

“இதக் கேளுங்கடி!” என்று வாசலிலேயே தாளை ஆட்டினாள் அத்தை. “மாவு, தேயிலை, டின் பால், வெண்ணெய். அடியில கையெழுத்து யாரோடது தெரியுமா? எங்க அண்ணனோடது! தன் சாவுச் சாப்பாட்டுக்குத் தானே கையெழுத்துப் போட்டுட்டுப் போன மகராசனை எங்கயாவது கண்டிருக்கீங்களா?”

“உப்பிறைச்சி ஒரு வாளி போதாதுன்னு சண்டை போட்டிருப்பார்” என்றாள் ஒருத்தி.

“கடைக்காரன் நம்பல. ‘ஆம்ப்ரோஸ் கையெழுத்தா? அப்போ நல்ல இறைச்சியாக் குடுக்கணும்’கிறான்.”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹேவர்ட் கையை நீட்டினான். அத்தை தாளைக் கொடுத்தாள். அவன் சிரிக்கவில்லை. மேலிருந்து கீழே வரைக்கும் ஒருமுறை படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெர்னா கெட்டிலில் தண்ணீர் நிரப்பப் போனாள். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.

இரண்டு நாள் அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் சட்டையை மாற்றும்போதெல்லாம் அவள் கண் பைக்குப் போனது. சாகக் கிடக்கிறவர் மாவுக்கு எதற்குக் கையெழுத்துப் போடுவார்? யோசிக்காமலா இருப்பான்?

புதன்கிழமை ஊரே வந்தது. முன்னறையில் பெட்டி, சமையலறையில் தேநீர். சாயங்காலம் லெவி வந்தான். அறையில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே பேசத் தொடங்கினார்கள். தீயில் வெந்த அவன் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. வெர்னா கோப்பையில் பாதிதான் ஊற்றினாள். அவன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அதைத் தூக்கினான்.

“உக்காரு லெவி. திராட்சை ரொட்டி வெட்டித் தரவா?”

“வெட்டிக் குடு. வெண்ணெயை நீயே தடவிடு, நான் தடவினா மேஜையெல்லாம் பூசிடுவேன்.” அவன் பெட்டி இருந்த பக்கம் தலையை ஆட்டினான். “நல்ல மனுஷன். ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்போ என் மனசுல என்னென்னமோ இருந்துது, வெர்னா. உன் புருஷன் மேல. கால்வின் மேல. ராத்திரி கண்ணை மூடினா அவங்க முகம்தான்.”

அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் கோர்ட்டுல இவர் பேசினார். ஆம்ப்ரோஸ் பைபிளைத் தொட்டுச் சொன்னா, அப்புறம் என்ன? அது எவனோ வெளியூர்க்காரன் வேலைன்னு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் தூங்கினேன். இதை அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், சொல்லாமப் போயிடுச்சு.” கோப்பையை மெல்ல இறக்கினான். “உன்கிட்டயாவது சொல்லிட்டேன்.”

“ரொட்டி எடுத்துக்கோ, லெவி” என்றாள் வெர்னா. போகும்போது அவன் ஹேவர்டின் தோளைத் தன் மணிக்கட்டால் தட்டிவிட்டுப் போனான். ஹேவர்ட் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினான்.

வியாழக்கிழமை காலை ஹேவர்ட் குழி வெட்டப் போய்விட்டான். மண் இறுகிப் பாறையாகக் கிடந்தது, கடப்பாரை இல்லாமல் இறங்காது. தீர்ப்பு வருகிற வரைக்கும் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் சேர வேண்டாம் என்று வக்கீல் கீஃப் அம்மாள் சொல்லியிருந்தாள். “பொணம் தூக்கறதுக்கும் வக்கீல்கிட்ட அனுமதி வாங்கணுமா? என் மகன் அவன் மாமனைத் தூக்குவான். வேணும்னா போலீஸ் வந்து ஒரு கை பிடிக்கட்டும்” என்று அத்தை தீர்த்துவிட்டாள். கால்வினும் ஹூபர்ட்டும் விடிவதற்கு முன்னரே கடப்பாரையோடு போயிருந்தார்கள்.

பத்தாகிப் பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. வெர்னா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“ஹேவர்ட் இருக்காரா?” கீஃப் அம்மாளின் குரலிலேயே செய்தி தெரிந்துவிட்டது.

“குழி வெட்டறான். சொல்லுங்க.”

“மேல்முறையீட்டை ஏத்துக்கிட்டாங்க. விடுதலை ரத்து. மூணு பேருக்கும். மறுபடியும் முதல்லேர்ந்து விசாரணை. ஜூரிக்கு நீதிபதி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதாம்.” தாள் புரளும் சத்தம். “வெர்னா, கேக்கறீங்களா? பயப்படாதீங்க. பெரியவர் போனது வருத்தம்தான். ஆனா அவர் சாட்சியம் பதிவுல இருக்கு. புது ஜூரிக்கு அதை அப்படியே வாசிப்பாங்க. இனிமே அவரை யாரும் குறுக்குக் கேள்வி கேக்க முடியாது பாருங்க. இந்த நேரத்துல சொல்லக் கூடாது, ஆனா ஒரு விதத்துல நமக்கு அது நல்லது.”

“வாசிப்பாங்களா?”

“ஒரு எழுத்து மாறாம. கடைசி நாள்ல அவர் இதைப் பத்தி ஏதாவது பேசினாரா? எங்கயாவது எழுதினாரா?”

ஜன்னல் திரை இறக்கியிருந்ததால் சமையலறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. அத்தை அடுப்பருகே நின்று, என்ன என்ன என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்ல” என்றாள் வெர்னா. வாயால் மூச்சு விட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஆம்ப்ரோஸைத் தூக்கினார்கள். இடப்பக்கம் ஹேவர்ட், கால்வின், வலப்பக்கம் முன்னால் ஹூபர்ட். தீர்ப்பு அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. வழியில் எல்லா வீடுகளிலும் திரை இறக்கியிருந்தார்கள், மரியாதைக்கு. ஆனாலும் திரை ஓரங்களில் வெளிச்சக் கோடு அசைவதை வெர்னா பார்த்துக்கொண்டே நடந்தாள். தேவாலய வாசலுக்கு எதிரே போலீஸ் வண்டி நின்றிருந்தது. உள்ளேயிருந்த இளைஞன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே இறங்கி நின்றான். மரியாதைக்கா, பார்க்கவா? இரண்டுக்குமாக இருக்கலாம்.

நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியது. கடைசியாகப் போனவள் அத்தை. கதவருகே வெர்னாவின் கன்னத்தைத் தடவினாள். “அண்ணன் நமக்கு அரண்டி. செத்தும் அரண். அவன் வார்த்தையை எந்த ஜூரி தட்டும்?” என்றாள். வெர்னா அவளுக்குக் கழுத்துத் துணியைச் சுற்றிவிட்டாள்.

தேவாலயக் கூடத்திலிருந்து இரவல் வாங்கிய கோப்பைகள் மேஜை நிறையக் கிடந்தன. வெர்னா கழுவினாள். ஹேவர்ட் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். அவன் பாத்திரம் துடைக்க வந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. கடப்பாரை பிடித்த உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. ஒவ்வொன்றாக அவள் நீட்டினாள், அவன் துடைத்து அடுக்கினான். இருபது கோப்பை ஆயிற்று.

“அப்பா எதுக்குக் கையெழுத்துப் போட்டார்?”

அவள் கை தண்ணீருக்குள் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

“உன்கிட்ட காட்டச் சொன்னார்.”

“மாவையா?”

“ஆண்டெனாவைப் பத்திச் சொன்னார். கொட்டகை எரிஞ்ச வாரம் டிஷ் விழுந்து கிடந்தது. செய்தி முடிஞ்சது பதினொன்றரைக்கு. அதை எழுதச் சொன்னார். எழுதறேன்னு சொன்னேன். வாசின்னார், வாசிச்சேன். அவருக்குத்தான் கண் தெரியாதே.”

ஹேவர்ட் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கைப்பிடியின் உள்வளைவைத் துடைத்தான். அடியைத் துடைத்தான். வக்கீல் நேராக வந்து அவளைக் கேட்கப்போகிற நாள் வரும், லெவி அரைக் கோப்பைத் தேநீருக்கு மறுபடியும் வரும் நாள் வரும், அதற்குள் தனக்கு இவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அன்றைக்குக் கொட்டகைக்குப் போனேன் என்றோ, போகவில்லை என்றோ. எதுவாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

“அவர் நிம்மதியாப் போனாரா?” என்றான்.

“போனார்.”

அவன் தலையாட்டினான். கோப்பையை அடுக்கின் மேல் வைத்தான். அடுத்ததற்குக் கையை நீட்டினான்.

தொட்டியில் கோப்பை எதுவும் மிச்சமில்லை. கை அப்படியே நீண்டிருந்தது, உள்ளங்கை மேல்நோக்கி, கொப்புளத்தோடு. வெர்னா அதைப் பார்த்தாள். பிறகு அடுக்கிலிருந்து, அவன் இப்போதுதான் துடைத்து வைத்த கோப்பையை எடுத்தாள். ஆறிப்போன தண்ணீரில் முக்கி, சோப்புப் போட்டு, நிதானமாகக் கழுவி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கித் துடைக்கத் தொடங்கினான்.